சின்னது வரட்டும்

விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டில் மஞ்சள் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் மணக்கும். சமையலுக்கு அல்ல, வள்ளி அக்காவின் பாதங்களுக்கு. ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தை "ஷாப்பு" என்போம். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோல்களை அங்கே அலசுவது அக்காவின் வேலை. நாளெல்லாம் அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று விரலிடுக்குகள் வெந்து, குதிகால் பிளந்து கிடக்கும். அப்பா காய்ச்சலில் போனபின், ஒரு சாயபு வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவின் கூலி மூன்று வயிற்றுக்குப் போதவில்லை. ஒருத்தி வேலைக்குப் போயாக வேண்டும். பெரியவளை அம்மா அனுப்பினாள்.

அக்காவுக்கு ஆட்டம் எப்படி வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஊருக்கு நாடகக் கம்பெனி வந்தால் கொட்டகைத் தட்டியின் ஓட்டை வழியாக இருவரும் பார்ப்போம். நான் உடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவள் கால்களைப் பார்ப்பாள். மறுநாள் வீட்டுப் பின்புறத்தில் ஆட்டம் முழுவதையும் பிசகாமல் ஆடுவாள். அவள் பின்னால் நின்று ஆடி ஆடித்தான் எனக்கும் கொஞ்சம் வந்தது.

முப்பதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை, வேலூரிலிருந்து வந்த கம்பெனி ஒன்று, பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துச் சோறும் துணியும் கொடுத்து "டான்ஸ்" பழக்கப்போவதாகச் சொன்னது. அம்மா எங்கள் இருவரையும் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். முதலில் நான் ஆடினேன், பிறகு அக்கா. அவள் முடித்ததும் மிருதங்கக்காரர் கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார். டான்ஸ் வாத்தியார் எழுந்து வந்து அவளை உட்காரச் சொல்லி, பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா வேலம்மா செய்யுற?"

"ஷாப்புல தோல் அலசுறேன் ஐயா."

அவர் பாதத்தை மெல்லத் தரையில் வைத்தார். பிறகு அம்மாவிடம், "விடியறதுலேருந்து தரையில தட்டணும். இந்தப் புண்ணு தாங்காது. சின்னது வரட்டும்" என்றார்.

வீடு வரும்வரை அம்மா தலை நிமிரவில்லை. அக்கா இல்லாமல் போகமாட்டேன் என்று நான் அழுதேன். அக்காதான் என் பாவாடையை மடித்து மூட்டை கட்டினாள்.

"நீ போலன்னா நாளைக்கு நீயும் ஷாப்புக்குத்தான் வரணும். ரெண்டு பேரு காலும் போவணுமா?"

கம்பெனி வீட்டில் பயிற்சி கடுமையாக இருந்தது. அரைமண்டியில் தொடை நடுங்க நிற்கும்போது முழங்கால் நிமிர்ந்தால் வாத்தியாரின் கோல் விழும். ஓடிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் அக்கா இந்நேரம் குழியோரம் நிற்பாள் என்ற நினைப்பு வரும், மறுபடி தாழ்ந்து நிற்பேன். யாராவது மெச்சினால் அக்காவின் சோற்றை எடுத்துத் தின்றதுபோல இருக்கும்.

நான் முதன்முதல் தனியாக ஆடிய அன்று அக்காவும் அம்மாவும் ரயிலேறி வேலூருக்கு வந்தார்கள். ஆட்டம் முடிந்து மேடைக்குப் பின்னால் வந்ததும், அம்மா என்னைப் பார்க்காமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தாண்டி ஒன்ன அந்தச் சுண்ணாம்புல தள்ளுனேன்."

"தள்ளுனதாலதான் மூணு பேரும் சாப்ட்டோம். வுடும்மா" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "கடைசிப் பாட்டுல ஒரு சுத்து சுத்துனியே, அதக் காட்டு" என்றாள். காட்டினேன். "கையி முன்னால போவுது, காலு பின்னால வருது. இப்படி" என்று எழுந்து, பிளந்த குதிகாலை ஊன்றி, ஒரே ஒருமுறை சுழன்றாள். ஒப்பனை கலைத்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வலியில் முகம் சுளித்து அவள் உட்கார்ந்தபோது நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

அந்தக் கம்பெனி கலைந்துபோனது. கொட்டகை போட்ட இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. நான் ஆடியதைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு வயதானவர்கள் சிலர் இன்னும் வருகிறார்கள். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு முன்பே அம்மாவும் வாத்தியாரும் மிருதங்கக்காரரும் போனார்கள். அக்கா ஒரு ஆட்டத்தை முழுதாக ஆடியதைப் பார்த்தவர் என்று சொல்ல, இன்று நான் ஒருத்திதான் மிச்சம்.