மீன் கிடங்கில் ஒளிந்தவன்

பிரெஞ்சுக்காரனோடு சண்டை நடந்த காலம். அரசரின் போர்க்கப்பல்களுக்கு ஆள் போதவில்லை. கார்ன்வால் கரையில் போல்வெர்த் என்ற மீனவக் குப்பத்துக்குள் ஆள் பிடிக்கத் தடிகளோடு நுழைந்த மாலுமிகள் முதலில் மடக்கியது டென்சிலைத்தான்.

"என்ன விட்டுருங்கய்யா! அந்தப் படகுக்குப் பின்னால என்னவிட கெட்டிக்காரன் ஒருத்தன் இருக்கான்" என்று கை காட்டினான் அவன்.

அப்படித்தான் டென்சிலுக்குப் பதிலாக ஜேகோ கப்பலுக்குப் போனான். கல்யாணமாகி ஒரு குளிர்காலம்கூடக் கழியவில்லை. பனிக்காற்றில் பாய்மரத்து உச்சியில் தொங்கியபடி பாய் சுருட்டினான். பீரங்கிச் சண்டைகளில் பக்கத்தில் நின்றவர்கள் விழுந்தார்கள். புழுத்த ரொட்டியை மெல்லும்போதெல்லாம் டென்சிலையே மென்றான்.

பல வருஷம் கழித்துக் கப்பல் போல்வெர்த்துக்கு எதிரே நங்கூரம் போட்டது.

"உன் ஊர்தானே? ஆள் பிடிக்கணும், வா" என்றார் லெப்டினன்ட்.

மீன் கிடங்குக்குள் ஜேகோ தனியாக நுழைந்தான். உப்புமீன் பீப்பாய்களுக்குப் பின்னால் டென்சில் குந்தியிருந்தான்.

"ஜேகோ! உசிரோடயா இருக்க?"

"ஏன், குழி வெட்டி வெச்சிருக்கியா?"

டென்சில் எழுந்து நின்றான். "கூட்டிட்டுப் போ. நான் பண்ணதுக்கு அதான் சரி. உன் படகுக்கு மட்டும் வேற ஆள் பாக்கச் சொல்லு லவ்டேகிட்ட."

"என் பொண்டாட்டி பேரு உன் வாயில எதுக்குடா?"

"நான்தான் ஓட்டுறேன். அவ பங்கு மீன வாசல்ல வெச்சிட்டு வந்துருவேன். மூஞ்சி குடுத்துப் பேசமாட்டா."

வெளியிலிருந்து லெப்டினன்ட் கத்தினார்: "உள்ளே எவனாவது இருக்கானா?"

கப்பலின் இருட்டுத் தட்டில் டென்சில் சுருண்டு கிடப்பதை ஜேகோ நினைத்துப் பார்த்தான். இத்தனை வருஷம் எதிர்பார்த்த அளவுக்கு அது இனிக்கவில்லை.

"எலிதான்யா. நாத்தம் குடலப் புடுங்குது."

கரையில் கூட்டத்தோடு நின்ற லவ்டே அவனைப் பார்த்துவிட்டாள். கப்பலுக்குத் திரும்பிய படகின் பின்னாலேயே இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடி வந்தாள். "ஜேகோ! வந்துரு! எப்படியாவது வந்துரு!" துடுப்பை விட முடியாமல் அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

சண்டை ஓய்ந்ததும் வந்தான். டென்சில் படகை ஒப்படைத்துவிட்டு இறங்கப் போனபோது, "ஒத்தையா வலை இழுக்கவா? ஏறுடா" என்றான் ஜேகோ. இருவருமாகக் கடலுக்குப் போனார்கள்.

லவ்டேக்கு அது பொறுக்கவில்லை.

"நீ வேணா அவன மன்னிச்சுக்கோ. இருக்கியா செத்தியான்னு தெரியாம கெடந்தவ நான்" என்றாள்.

ஜேகோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் உதறவில்லை.