பொன்னாடைக்குப் பிறகு கேள்வி

திண்டுக்கல்லில் ஓர் இயற்கைக் கண்காட்சி. தேவாங்குகளைக் காப்பது பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். பாதியில், பின்வரிசைப் பெண் ஒருவர் எழுந்தார்.

"சார், அய்யலூர்ப் பக்கமிருந்து வாரேன். ஒரு சேதி சொல்லணும்."

"எல்லாம் கடைசியில கேக்கலாம்மா, உக்காருங்க" என்றேன்.

கடைசியில் பொன்னாடை போர்த்த ஆரம்பித்தார்கள். எனக்கு, தலைவருக்கு, பந்தல் போட்டவருக்குக்கூட. போட்டோ சரியாக விழவில்லை என்று எனக்கு மறுபடியும் போர்த்தினார்கள். நானும் சிரித்தபடி நின்றேன். அதற்குள் அந்தப் பெண், வாசலில் தன் ஊர்ப்பெயரை எழுதிக் கொடுத்து, என்னை வரச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பத்து நாள் கழித்துத்தான் போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் என்னைச் சாலையோரம் கூட்டிப்போனார். வரிசையாகப் புளியமரங்களின் அடிக்கட்டைகள்.

"ரோட்டை அகலமாக்க, நீங்க பேசுன மறுநாளே வெட்டிட்டாங்க சார். இதுலதான் நாலஞ்சு தேவாங்கு கெடந்துச்சு. நீங்க சொன்னா கேப்பாங்கன்னு வந்தேன். செத்த நேரம் நின்னு பாத்தேன், ஊருக்கு இருக்கிற ஒரே பஸ்சும் போயிருமேன்னு கெளம்பிட்டேன்."

நான் அடிக்கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஆனா அன்னைக்கு நல்லா பேசுனீங்க சார்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.