எட்டாத உயரத்துக்கு ஒரு கல்

எங்கள் கல்லூரி மைதானத்தில் புல் முளைத்ததில்லை. காற்று இருந்தது. தையிலும் மாசியிலும் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து கணவாய் வழியே எங்கள் மலையாளப் பக்கம் நுழைகிற காற்று, வழியில் நிற்கிற பனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எழுப்பிவிட்டு, எங்களிடம் வந்து விளையாடும். வாலிபால் மேலே போனால் எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவரைத் தவிர.

அவர் எங்களுக்கு மூத்தவர், எங்கள் கல்லூரியிலேயே படித்து முடித்தவர். வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் கடலைக்காடு வைத்திருந்த குடும்பம். எங்களுக்கு அவர் அண்ணன். எழும்பினால் உடனே இறங்க மாட்டார். பந்து காற்றில் அலைந்து, யோசித்து, மனது மாறித் திரும்பி வரும்வரை மேலேயே இருப்பார். அப்படி இருக்க முடியாது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் என் கண் அப்படித்தான் பார்த்தது, அதை நான் திருத்தப்போவதில்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு மாசியில் அவர் மாநில அணிக்காக வடக்கே ஆடப் போனார். மலையாளப் பத்திரிகையில் அவர் படம் வந்தது. அந்த வருஷம்தான் நாங்கள் படிப்பை முடித்து வெளியே போகவிருந்தோம்.

வெளியே போகிற வகுப்பு கல்லூரிக்கு ஏதாவது விட்டுப் போக வேண்டும். முந்தின வகுப்பு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. அதற்கு முந்தினது தண்ணீர்ப் பானைக்கு ஒரு மேடை. நாங்கள் அண்ணனுக்கு ஒரு கல் நடலாம் என்றோம். அவர் எழும்பிக் கை நீட்டினால் விரல்நுனி எட்டுகிற உயரம் எதுவோ, அந்த உயரத்தில் ஒரே கல். அடியில் நிற்கிறவன் அண்ணாந்து பார்க்க வேண்டும். பெயரைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

வகுப்பிலிருந்த நாலைந்து பெண்களில் ஒருத்தி எழுந்தாள்.

"ஏனுங்க, அவரு பந்தடிச்சது சந்தோசந்தான். அதுக்காக நாங்க பஸ்ஸுக்கு வெயில்ல காயோணுங்களா? அந்த ரோட்டோரம் ஒரு கீத்துக் கொட்டகை போட்டுக் குடுத்துட்டுப் போலாமில்லீங்க?"

"கீத்து ரெண்டு மழைக்கு நிக்குமுங்க. கல்லு நம்ம பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்றேன் நான்.

"உங்க பேரன் வந்து அண்ணாந்து பாக்கட்டுமுங்க. எங்க பேத்தி அன்னைக்கும் பஸ்ஸுக்கு நின்னுட்டிருப்பா."

வகுப்பு சிரித்தது. சிரித்த கைகளே கல்லுக்கும் உயர்ந்தன. டவுனில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பையன், என் சிநேகிதன், கையைத் தூக்கிக்கொண்டே என் காதில் சொன்னான்: "மாப்ளே, பங்கு தாரேன். கும்புட மட்டும் சொல்லிராதே. எங்கத்தா என்னையக் கடைவாசல்லயே நட்டுப்புடுவாரு."

கல், மாட்டுவண்டியில், சந்தை நாளில், வேலந்தாவளம் வழியாக வந்தது. நட்டவர்கள் தங்கள் வழக்கப்படி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். சிநேகிதன் பத்திரிகைப் படத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினான். யாரோ ஒரு செவ்வந்தி மாலையைப் போட்டார்கள். சாயங்கால வெயிலில் அந்த மஞ்சள் கல் லேசாக மிதப்பதுபோலிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். என்ன செய்திருக்கிறோம் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா இறங்கி, நேராக மைதானத்துக்குள் நடந்து வந்தார். அதே நெற்றி, அதே நீண்ட கைகள். அண்ணனின் அம்மா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்லின் முன்னால் நின்று மாலையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, மறைக்காமச் சொல்லுங்க. எம் பையன் இருக்கானா?"



"ஐயோ, இருக்காருங்கம்மா! நேத்து ஜெயிச்சாங்கன்னு பேப்பர்லயே போட்டிருக்குதுங்க" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"போனவன் ஒரு கடுதாசி போடலீங்க. உங்க பையனுக்குக் கல்லு போகுதுன்னு சந்தையில வண்டிக்காரனுக சொன்னானுக. ராத்திரி பூரா எனக்குக் கண்ணு மூடல." அப்படியே தரையில் உட்கார்ந்தார். "எங்க காட்டு வரப்புல புலிகுத்திக்கல்லு ஒண்ணு நிக்குது. புலிகிட்டச் செத்தவனுக்கு வெச்சது. வருசம் ஒருக்காப் பொங்க வெக்கறம். எம் பையன் எந்தப் புலிகிட்டச் செத்தானுங்க, நீங்க கல்லு நட?"

நாங்களும் அந்தக் கற்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். கல்லூரிக்குள் நட்டால் அது வேறு கல் ஆகிவிடும் என்று எப்படியோ நம்பியிருந்தோம்.

விளையாட்டுச் சொல்லித்தருகிற மாஷ் ஓடி வந்தார். "படுக்கப் போட்டுரலாமுங்கம்மா. அடியில ரெண்டு கல்லு குடுத்தா பெஞ்சு ஆயிரும்."

"அது சுமைதாங்கிங்க மாஷு. வாயும் வயிறுமாச் செத்துப்போனவளுக்கு வெக்கறது."

சிநேகிதன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மாப்ளே, உங்க ஊர்ல எந்தக் கல்லைத் தொட்டாலும் ஆராச்சும் செத்திருக்காங்கடா."

அந்த அம்மாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து ஒரு குடம் தண்ணீர் கேட்டார். மாலையை எடுத்தார். படத்தை நனையாமல் உரித்து மடியில் செருகிக்கொண்டார். மஞ்சளையும் குங்குமத்தையும் தன் கையாலேயே தேய்த்துக் கழுவினார். கல் மறுபடி வெறும் கல்லாக, நனைந்து, கருத்து நின்றது.

"எங்க கெணத்து மேட்டுலயும்தான் தண்ணி எறைக்கற உருளைக்கு ரெண்டு கல்லு நிக்குது. அதுக்கு ஆரும் மாலை போடறதில்லீங்க. அதுல வேலை நடக்குது. ஒத்தையா, சும்மா நிக்கறதுதான் ஆகாது. சோடி சேத்து வேலை வாங்குங்க."

அப்போதுதான் மாஷ், கரையான் தின்று சாய்ந்துகிடந்த வாலிபால் கம்பங்களைத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது கல்லுக்குப் பங்கு கேட்டு வகுப்பில் மறுபடி நின்றோம். கொட்டகை கேட்ட பெண்தான் முதலில் கொடுத்தாள். "நாங்க காஞ்சாலும் கல்லு சோடியோட இருக்கட்டுமுங்க" என்றாள். அந்த வார்த்தை இன்றும் சுடுகிறது. வெயிலில் நிற்கிறவர்களைத் தாண்டி ஒரு வீரனை அண்ணாந்து பார்க்கலாமா என்று இன்று என்னைக் கேட்டால், கூடாது என்பேன். சொல்லி வாய் மூடுவதற்குள் அந்த மைதானம் வந்துவிடும், நான் மேலே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு கல்லுக்கும் நடுவில் வலை கட்டியானது. யார் பெயரும் வெட்டவில்லை. பங்குனியில் அண்ணன் திரும்பி வந்தார், கூடவே அவர் அம்மாவும்.

"ஏன்டா, என்னடா இது, கெணத்து மேடாட்ட இருக்குது? மோதுனா முட்டி போயிருமேடா" என்று சிரித்தபடி, கற்களுக்குச் சாக்குச் சுற்றச் சொல்லிவிட்டு ஆட இறங்கினார்.

மகன் ஆடுவதை அந்த அம்மா அதுவரை பார்த்ததேயில்லை. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். பந்து தூக்கிக் கொடுக்கப்பட்டது. காற்று அதை வாங்கிக்கொண்டது. அண்ணன் எழும்பினார். வலையைத் தாண்டி, கல்லைத் தாண்டி, கை மேலே போனது.

"எறங்கு சாமி" என்றார் அந்த அம்மா, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "போதும், எறங்கு."

பந்து எங்கே விழுந்தது, புள்ளி யாருக்கு என்று நான் பார்க்கவில்லை. மண்ணில் அவர் கால் பட்ட சத்தம் கேட்ட பிறகுதான் அந்த அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.