தள்ளுபடி மாமா வாங்கிய வீடு

என் அக்காவின் வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் ஏதோ நடுநிலையாக எழுதுகிறேன் என்று நம்பி யாரும் ஏமாறக்கூடாது. நேரில் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். முதுகுக்குப் பின்னால் தெருவே வைத்த பெயர் தள்ளுபடி. எங்கே எது விலை குறைந்தாலும், தேவையோ இல்லையோ, போய்த் தலையைக் கொடுப்பார். ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாக இருந்த செருப்பு ஜோடியைப் பாதி விலைக்கு வாங்கி, இரண்டு வருஷம் காலை இழுத்து இழுத்து நடந்த மனிதர்.

தொழில், டிரைவிங் ஸ்கூல். கார்கள் இரண்டு. வருமான வரி அலுவலகத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டாவது காரில் படிப்பவர்கள் பணத்தைக் கையில் கொடுப்பார்கள், அது எந்தக் கணக்கிலும் ஏறாது. இதில் அவருக்கு வெட்கம் கிடையாது, பெருமை. கற்றுக்கொள்ள வந்தவர் சிக்னலில் வண்டியை அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து சீட்டில் சாய்ந்துகொண்டு, "வரி கட்டறவன் எல்லாம் விவரம் இல்லாதவன் சார்" என்று பாடம் எடுப்பார். கிளட்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

ஒருநாள் புது அடுக்குமாடி வீடுகளை விற்கும் ஏஜென்ட் ஒருவன் கார் ஓட்டப் பழக வந்தான். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத அந்த ஆள், இவரை மட்டும் அழகாகத் திருப்பிவிட்டான். முதன்முதலாக வீடு வாங்குகிறவர் புதிதாகக் கட்டிய வீட்டை வாங்கிக் குடியேறினால், அவர் கட்டவேண்டிய வருமான வரியில் ஒரு பெரிய தொகையை அரசாங்கம் கழித்துவிடுமாம். வருஷக் கடைசிக்குள் வாங்க வேண்டும். புருஷன் பெண்சாதி இருவர் பேரிலும் வேறு வீடோ, வீட்டில் பங்கோ இருக்கக்கூடாது.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஓர் இடைஞ்சல்தான். நான் குடியிருக்கும் எங்கள் அப்பாவின் வீட்டில் பாதி அக்கா பேரில் இருந்தது.

"பேருக்குத்தாம்மா. அவ பங்கையும் உன் பேருக்கே மாத்திக்கோ. வீடு எங்க ஓடிடப் போகுது?" என்று வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, நீ என்ன சொல்றே?" என்று கேட்டேன்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எந்த முகத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று வாசலில் வரும்போதே சொல்லிவிடுவாள், கடை முதலாளியே அவளைக் கேட்டுத்தான் சரக்கு எடுப்பார். அந்தச் சம்பளம் முதல் தேதியே மாமாவின் கைக்குப் போய்விடும். இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்தப் பாதி வீடுதான். என்றைக்காவது அவர் வெளியே போ என்று சொன்னால், யாரையும் கேட்காமல் வந்து கதவைத் திறக்க அவளுக்கு உரிமையுள்ள ஒரே இடம் அது.

"அவர்தான் சொல்றாரே" என்றாள்.

மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நான் மாட்டேன் என்றால், அவள் பாதியை அந்த ஏஜென்ட்டுக்கே விற்கவைக்கவும் தயங்காத ஆள் இவர். வேறு வழியில்லாமல் சம்மதித்தேன். அக்கா கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

புது வீட்டைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் வரும் என்று சொன்ன இடத்தில் ஒரு பலகையை அடித்து மூடியிருந்தார்கள். குளியலறைத் தரையின் சரிவு படுக்கையறைப் பக்கம் இருந்தது. ஒருவர் குளித்தால் இன்னொருவர் தண்ணீரைத் தடுக்க வாசலில் துணியோடு உட்கார வேண்டும். உட்கார்ந்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை. கதவுகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை மாமா பிரிக்கவிடவில்லை, அழுக்காகிவிடுமாம்.

"வாங்கறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திப் பார்க்கலையா மாமா?"

"வருஷம் முடியப் போகுதுன்னு பறந்துட்டிருக்கேன், தண்ணி ஊத்திப் பார்க்கறதாம்! சலுகை வரட்டும், தரையையே மாத்திடலாம்."

சலுகை வரவில்லை. கணக்குத் தாக்கல் செய்யப் போனபோது ஆடிட்டர் அம்மா இவரை ஏற இறங்கப் பார்த்தாராம். "வரியிலதான் சார் கழிப்பாங்க. நீங்க காட்டற வருமானத்துக்கு வரியே வரலையே? எதுலேருந்து கழிக்கறது?"

வாழ்க்கை முழுக்க வரி கட்டாத மனிதர், வரியில் கிடைக்கும் தள்ளுபடிக்காக வீடு வாங்கியிருக்கிறார். இதைக் கேட்ட அன்று நான் சிரித்த சிரிப்பில், நான் வேலை செய்யும் அச்சகத்தில் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். இதோடு விட்டிருந்தால் அவர் வெறும் முட்டாளாக இருந்திருப்பார். ஆனால் அவருக்கு மூளை வேலை செய்தது, அதுதான் ஆபத்து. சலுகையை அடுத்த வருஷத்துக்கும் தள்ளிக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். வரி இருந்தால்தானே கழிக்க முடியும்? அடுத்த வருஷம் இரண்டாவது காரையும், அதில் படித்த ஒரு ஆள் விடாமல் எல்லோரையும் கணக்கில் காட்டினார். ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. சலுகைத் தொகையை முழுசாகக் கழித்துக் கொடுத்தார்கள். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்புறம் வரி அலுவலகத்தில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த இரண்டாவது கார் இத்தனை வருஷமாக எங்கே இருந்தது?

பழைய வரி, அதற்கு வட்டி, அதன் மேல் அபராதம். கழித்துக் கொடுத்ததைப்போல் பல மடங்கு. புது வீட்டை விற்றால் சலுகையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், இரண்டு காரையும் விற்றாலும் பற்றாது என்றதும், அக்காவையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"அவ பங்கைத் திருப்பி எழுதிக் குடுத்துடும்மா. வித்துக் கட்டிடலாம்."

"எந்தப் பங்கு மாமா? பங்கே இல்லேன்னு அரசாங்கத்துக்கே எழுதிக் குடுத்தவர் நீங்கதானே?"

"பேருக்குத்தானேம்மா பண்ணினோம்!"

"நான் நிஜமாவே வாங்கிக்கிட்டேன்."

முகம் சிவக்க எழுந்து வெளியே போனார். சொன்னது எனக்கே இனித்தது. ஆனால் அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் பாதி உன்னோடதுதான். அவருக்குத் தெரியாம நாளைக்கே உன் பேருக்கு மாத்திடறேன்."

"வேண்டாண்டி."

"ஏன்? நீ சொல்லாட்டி அவருக்கு எப்படித் தெரியும்?"

"நானே சொல்லிடுவேன்" என்றாள். "சொன்னதும் கேப்பார். கேட்டா கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவேன். அதனால நீயே வச்சுக்கோ."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர் கேட்டால் தன்னால் மறுக்க முடியாது என்று முதல் நாளிலிருந்தே தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இத்தனை வருஷமாக நான் வெறுத்தது மாமாவை மட்டும்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அக்காவை அறைய வேண்டும்போல் இருந்தது.

வெளியிலிருந்து அவர் கூப்பிட்டார். கையை விடுவித்துக்கொண்டு எழுந்து போனாள்.