தூங்கும் குழந்தையும் துவளும் குழந்தையும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஆப்திகத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், பவானிப்பூரில் எங்களோடு கூடப் பிறந்தவர்கள் போலப் பழகிவரும் வங்காளி அன்பர்களுக்கும், தங்கையாகிய நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். அக்காவின் பூஜை, விரதம், கைமணம் ஆகியவற்றை மற்றவர்கள் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுத்துப் பழக்கம் அதிகம் கிடையாது. கூட இருந்து பார்த்ததையும், அக்கா வாயால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மாயவரத்துக்குப் பக்கத்தில். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். சின்ன வயதிலேயே விவாகமாயிற்று. அத்திம்பேருக்குக் கல்கத்தாவில் ஓர் ஆங்கிலக் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். இந்த நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்த சமயம் அது. "ரயிலில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். ஹௌராவில் கூட்டத்தைப் பார்த்த பயத்தில் அழுகையே நின்றுவிட்டது" என்று அக்கா பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார். அடுத்த வீட்டு வங்காளி அம்மாள் தம்மைப் பார்த்து "பௌதி, பௌதி" என்று அழைத்ததை, 'போடி' என்று விரட்டுவதாக எண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். மன்னி என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள் என்று அத்திம்பேர் ஆபீஸிலிருந்து வந்து விளக்க வேண்டியிருந்தது.

இன்று சிரிப்பாகத் தோன்றும், பாஷை தெரியாத அந்த நிலைமைதான் அக்காவின் வாழ்க்கையில் பெரிய துக்கத்துக்கும் காரணமாயிற்று.

அக்காவின் தலைப்பிள்ளை தளர்நடை போடும் வயதில் ஜுரத்தில் படுத்தான். பல் முளைக்கிற ஜுரம், கஷாயம் கொடுத்தால் இறங்கிவிடும் என்றார்கள் எல்லோரும். அத்திம்பேரும் அதை நம்பி ஆபீஸுக்குப் போய்விட்டார். பகலில் குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். தாய்க்கு மனசு கேட்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். டாக்டரை அழைக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னார், கையைக் காட்டினார். அந்த அம்மாள் தோளில் சாய்ந்திருந்த குழந்தையைப் பார்த்தார். அசந்து தூங்குகிறான் என்று எண்ணிக்கொண்டு, வாயில் விரலை வைத்து, 'சத்தம் போடாதே' என்று ஜாடை காட்டினார். உள்ளே போய் ஒரு சந்தேஷ் மிட்டாயைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தார்.

அக்கா வீட்டுக்குத் திரும்பி அத்திம்பேருக்காகக் காத்திருந்தார். அத்திம்பேர் வந்து, டாக்டரும் வந்து சேர்ந்தபோது குழந்தையின் உடலில் உயிர் இல்லை.

விஷயம் தெரிந்ததும் அந்த வங்காளி அம்மாள் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா அவரை ஒரு வார்த்தைகூட நொந்துகொள்ளவில்லை. சில வாரம் கழித்து, அத்திம்பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அதே வீட்டுக்குப் போனார். "உங்கள் பேச்சை எனக்குச் சொல்லித் தர வேண்டும்" என்று கேட்டார். பெண்கள் வேற்றூருக்குப் போனால் முதலில் அரிசி, உப்பு, காய்கறிக்குப் பெயர் கற்றுக்கொள்வார்கள். அக்கா கேட்டுக் கற்ற முதல் வார்த்தைகள் ஜுரம், மூச்சு, குடிக்கவில்லை, சீக்கிரம். அன்று முதல் அந்த அம்மாள் அக்காவுக்கு அக்காவாக, வங்காளத்தில் சொன்னால் 'தீதி'யாக, ஆனார். கடைசிவரை இருவரும் உடன்பிறந்தவர்களைப் போலவே இருந்தார்கள்.

அடுத்த குழந்தை பிறந்து, கொழுகொழுவென்று இருக்கும்போதே எல்லோரும் 'டாக்டர் பாபு' என்று அழைக்கும் வங்காளி டாக்டரிடம் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு போனார். "குழந்தைக்கு என்ன?" என்று அவர் கேட்டாராம். "ஒன்றும் இல்லை. எதைக் கண்டால் உங்களைக் கூப்பிட வேண்டும், எதைக் கண்டால் வேண்டாம் என்று தெரிந்துகொள்ள வந்தேன்" என்று அக்கா உடைந்த வங்காளத்தில் சொன்னார். நோய் இல்லாத குழந்தையோடு வந்து இப்படிக் கேட்டவர் யாரும் இல்லையாம். அவர் மற்றவர்களைக் காக்க வைத்துவிட்டு, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

அதன் பிறகு நம்மவர் வீடுகளில் குழந்தை படுத்தால் அக்காவுக்குத்தான் ஆள் வரும். அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதோடு நிற்கமாட்டார். "சூடு கிடக்கட்டும், பிள்ளையைப் பார்ப்போம்" என்பார். தூங்குகிற குழந்தையை எழுப்பச் சொல்வார். தாய்மார் தயங்கினால், "தூங்கற குழந்தை எழுப்பினா கோவிச்சுண்டு அழும். துவண்ட குழந்தை அழக்கூட அழாது. எழுப்பினாத்தானே தெரியும்?" என்பார். அழுதால் கண்ணீர் வருகிறதா, துணி நனைந்ததா, குடித்தது உள்ளே தங்குகிறதா, சட்டையைக் கழற்றினால் மூச்சுக்கு விலா உள்ளே இழுக்கிறதா என்று பார்ப்பார். விளையாடுகிற குழந்தையாக இருந்தால், "கஞ்சி கொடு, நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிப் போய்விடுவார்.

அவர் கணக்கும் தப்பியதுண்டு. ஒரு வீட்டில் பையன் சுருண்டு கிடக்கிறான் என்று அவசரமாக டாக்டரை வரவழைத்தார். பூஜைக்கு வந்த ரசகுல்லாவை யாருக்கும் தெரியாமல் சட்டியோடு தீர்த்திருந்தான் பயல்! டாக்டர் பாபு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அக்காவோ, "சிரிச்சுண்டு போறாரே, அதைவிட என்ன வேணும்?" என்றார்.

என் சொந்த வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். என் கணவருக்கு அலிப்பூரில் சர்க்கார் உத்தியோகம் கிடைத்து, நானும் இங்கே வந்து, மூத்த பெண் பிறந்திருந்தாள். அவளுக்கு மணல்வாரி அம்மை போட்டது. மாமியார் வாசலில் வேப்பிலை செருகினார். அம்மை கண்ட வீட்டில் வைத்தியன் கால் வைக்கக் கூடாது என்பது அவர் நம்பிக்கை. ஊரில் இரண்டு பிள்ளைகளைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தவர் அவர். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

தடிப்பு மங்கத் தொடங்கிய பிறகும் ஜுரம் விடவில்லை. இருமல் ஏறியது. அக்கா காலையில் வந்தார். குழந்தையின் சட்டையை அவிழ்த்துப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"பால் குடிச்சாளாடி?"

"வாயில வெச்சா விட்டுடறாக்கா. மூச்சு வாங்கறது."

அக்கா எழுந்து மாமியாரிடம் போனார். "மாமி, டாக்டரைக் கூப்பிடணும்."

"அம்மன் இறங்கியிருக்கா. மருந்து வாசனையே ஆகாது. உனக்குத் தெரியாதா?"

"அம்மனை யாரும் விரட்டலை மாமி. வேப்பிலை அப்படியே இருக்கட்டும். அம்மைக்கு மருந்து வேண்டாம். குழந்தைக்கு மூச்சு முட்டறது, மூச்சுக்குத்தான் டாக்டர்."

"தெய்வக் குத்தம் வந்தா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். நான்தான் கூப்பிட்டேன்னு அவகிட்ட சொல்லிக்கறேன். வர்றது எனக்கு வரட்டும்."

ஒரு பிள்ளையை இழந்தவர் இன்னும் நான்கைப் பெற்று வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னார். மாமியார் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். "வாசல்ல செருப்பைக் கழட்டி, காலை அலம்பிண்டு வரச் சொல்லு" என்றார். அக்கா தீதியின் வீட்டுக்கு ஓடினார். இம்முறை என்ன வேண்டும் என்று சொல்ல அவரிடம் வார்த்தை இருந்தது. தீதியின் கணவரே வண்டி பிடித்துக்கொண்டு போனார்.

டாக்டர் பாபு செருப்பைக் கழற்றி, கால் அலம்பி, வேப்பிலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நுரையீரலில் கபம் கட்டியிருக்கிறது என்றார். "சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் பாடுபட்டுப் பார்க்க நேரம் இருக்கிறது" என்றார். மார்புக்குப் பஞ்சு சுற்றச் சொன்னார். படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கரண்டி கரண்டியாகப் பால் புகட்டச் சொன்னார். அக்காவும் நானும் ஓய்ந்தபோதெல்லாம் குழந்தையை மார்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என் மாமியார்தான். பல நாள் இழுத்து, ஒருநாள் குழந்தை தானாகவே "பால்" என்று கேட்டது. மாமியார் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் குழந்தை இன்று டாலிகஞ்சில் குடும்பம் நடத்துகிறாள். இந்த ஆப்திகச் சமையலையும் அவள்தான் ஏற்றுச் செய்கிறாள்.

கடைசி நாட்களில் அக்காவுக்குக் கால் வீங்கி, நடை நின்று போயிற்று. பிள்ளைகள் டாக்டர்களை மாற்றி மாற்றி அழைத்தார்கள். அவர்கள் மனசுக்காக அக்காவும் மருந்தைச் சாப்பிட்டார். ஒருநாள் என்னைப் பக்கத்தில் அழைத்து, "இனிமே யாரையும் கூப்பிட வேண்டாம்னு சொல்லிடுடி. நான் பார்த்துண்டேன், இது டாக்டரைக் கூப்பிடற நேரம் இல்லை. நீ இப்படி உக்காந்திரு, போதும்" என்றார். நான் உட்கார்ந்திருந்தேன். தள்ளாத வயதில் தீதியும் வந்து காலடியில் உட்கார்ந்துகொண்டார். அமைதியாகத்தான் போனார் அக்கா.

அக்காவின் கடைசிக் காலத்தில் பணிவிடை செய்த மருமகள்களுக்கும், கடைசி யாத்திரைக்குத் தோள் கொடுத்த வங்காளிப் பிள்ளைகளுக்கும், காரியங்களை நடத்தி வைத்த சாஸ்திரிகளுக்கும், இன்று வரை எங்களைத் தனியாக விடாத தீதிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலரை, நீங்கள் கைக்குழந்தையாகக் கிடந்தபோது, அக்கா தட்டி எழுப்பிப் பார்த்திருக்கிறார். நீங்கள் கோபித்துக்கொண்டு வீறிட்டு அழுதிருப்பீர்கள். அந்த அழுகையைக் கேட்டு அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று உங்களுக்கு நினைவிருக்க வழியில்லை. நான் பார்த்திருக்கிறேன்.