அப்பாவின் ஒற்றைக் கண்ணும் ஓயாமல் பெயர் கேட்ட பினாங்கு மருத்துவமனையும்

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பெற்றோரைப் பினாங்குக்கு அழைத்துப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு வலது கண் போய்ப் பல வருடங்களாகின்றன. தொழிற்சாலையில் இரும்புத் தூள் பட்டது. மிச்சமிருந்த இடது கண்ணிலும் புரை விழுந்து, போன மாதம் ஒரு நாள் சோற்றுத் தட்டு என்று நினைத்து மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் தள்ளிப்போட மனம் வரவில்லை. இருக்கிற ஒரே கண். பிசகினால் மாற்று கிடையாது.

நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. மீன் வாங்கினால்கூடச் செவுளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன். தனியார் மருத்துவமனை என்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் ஊரான தைப்பிங்கில் காலை ரயில் ஏறினால் பட்டர்வொர்த் ஒரு மணி நேரம்தான். நிலையத்திலிருந்து ஃபெரித் துறைக்கு நடந்தே போகலாம், வயதானவர்கள் கூட இருந்தால் நேரத்தைத் தாராளமாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட், கொடுத்தோம். ஃபெரியில் அப்பா காற்று வருகிற பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். கடல் தெரிகிறதா என்று கேட்டேன். வெளிச்சம் தெரிகிறது என்றார்.

ஜார்ஜ் டவுனில் இறங்கி எடுத்த கிராப் வாடகைக் கார் பன்னிரண்டு வெள்ளி. ஓட்டுநர் சுங்கை பினாங்கில் இருக்கும் தமிழர். மருத்துவமனையின் பெயரைப் பார்த்ததுமே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“கண்ணு ஆபரேஷனாக்கா? பாத்துக்குங்க. சாதா லென்ஸ் போட வர்றவங்ககிட்ட பேசிப் பேசியே வெல கூடுனத தள்ளி விட்டுருவாங்க லா.”

எனக்கு இது போதாதா? உள்ளே நுழையும்போதே எல்லோரும் என் கண்ணுக்குத் திருடர்களாகத் தெரிந்தார்கள்.

முகப்பில் அப்பாவின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்டார்கள், சரி. ரத்த அழுத்தம் பார்க்கிற அறையில் மறுபடி கேட்டார்கள். அங்கே இருந்தது என் வயதை ஒட்டிய ஒரு தமிழ் மிஸ்ஸி. இந்த ஊரில் நர்ஸை அப்படித்தான் சொல்வோம். பெயர் என்ன, தகப்பனார் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, எந்தக் கண்ணில் சிகிச்சை. அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் நானே மளமளவென்று பதில் சொன்னேன். மிஸ்ஸி என் பக்கம் திரும்பவே இல்லை.

“நீங்க சொல்லாதீங்கக்கா. அவரே சொல்லட்டும்.”

சுருக்கென்றது. கண் மருந்து விடும் முன் அதே கேள்விகள். புருவத்துக்கு மேல் பேனாவால் அம்புக்குறி போடும் முன்னும் அதே கேள்விகள். கோப்பைத் தொலைத்துவிட்டார்களா? இல்லை, கிழவரைத் தனியாகப் பேசவைத்து விலை கூடிய லென்ஸுக்குத் தலையாட்ட வைக்கும் தந்திரமா? நான் அந்தம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சக்கர நாற்காலியோடு ஒரு பணியாளர் வந்தார். சிரித்த முகம். அவரை எனக்குப் பிடித்துப்போனது. பெருமாள் ஐயாதானே என்றார். சீருடை போட்டவர் எது கேட்டாலும் ஆமாம் என்பது அப்பாவின் பழக்கம், ஆமாம் என்றார். இடது கண்தானே? ஆமாம். வேலை முடிந்தது. இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்தபடி நானும் பின்னால் நடந்தேன்.

அறுவை அறை வாசலில் அதே மிஸ்ஸி நின்றார். மறுபடியுமா என்று எனக்கு எரிச்சல்.

“ஐயா, உங்க பேரு என்ன? உங்க அப்பா பேரு?”

“பெருமாள். அப்பா முனியாண்டி,” என்றார் அப்பா களைப்பாக.

மிஸ்ஸி கோப்பைப் பார்த்தார், அப்பாவின் மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர்ப்பட்டியைப் பார்த்தார். கதவைத் திறக்கவில்லை. நாற்காலியில் கோப்போடு வைத்திருந்த லென்ஸ் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். கோப்பில் இருந்ததும் பெருமாள்தான், அதே இடது கண்தான். ஆனால் தகப்பனார் பெயர் முனுசாமி. அது வேறொருவருடைய கோப்பு, வேறொருவர் கண்ணுக்கு அளந்த லென்ஸ்.

போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். கண்ணை மறுபடி திறந்து மாற்ற வேண்டி வந்திருக்கும் என்றார். பணியாளரின் முகத்தில் சிரிப்பு இல்லை. மிஸ்ஸி அவரைத் திட்டவில்லை. மேலதிகாரிக்குத் தெரிவித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“‘பெருமாள்தானே’ன்னு கேட்டா யாரும் ஆமான்னுதாங்க்கா சொல்வாங்க. அவங்க வாயாலயே சொல்ல வைக்கணும். ஊசி குத்தக் கத்துக்குடுக்குறதுக்கு முன்னாடி எங்களுக்கு இதத்தான் கத்துக்குடுத்தாங்க.”

சரியான கோப்பு வந்தது. கேள்விகளை முதலிலிருந்து கேட்டார்கள். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அரை மணி நேரத்தில் சிகிச்சை முடிந்தது. மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும் அப்பா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “என்னம்மா, இவ்ளோ நரச்சிருச்சு?” என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரு இரவு தங்குகிற மாதிரி போங்கள், மறுநாள் பரிசோதனை உண்டு. லென்ஸ் விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் சொன்னது மாதிரி எங்களிடம் யாரும் எதையும் தள்ளிவிடவில்லை, இருந்தாலும் வாங்குங்கள். பெற்றோருக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். நான் இன்னும் சந்தேகப் பிராணிதான். ஆனால் ஆளை மாற்றிச் சந்தேகப்பட்டுவிட்டேன்.

மறுநாள் பரிசோதனை முடிந்து நாங்கள் கிளம்பும்போது காத்திருப்புக் கூடத்தில் முனுசாமி மகன் பெருமாள் என்று அழைத்தார்கள். கண்ணில் கட்டோடு ஒரு பெரியவர் எழுந்தார். அவருடைய மகள் அலுத்துப்போய் என்னிடம் சொன்னாள்.

“எத்தன தடவதான் பேரு கேப்பாங்க? எனக்கு என்னமோ சந்தேகமா இருக்குக்கா.”

“கேக்கட்டும்மா,” என்றேன். “கேக்காம யாராச்சும் கூட்டிட்டுப் போனா, விடாத.”