அவள் சொன்ன என் யோசனை

பொறாமைதான், வேறு பெயர் வைக்க வேண்டாம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், வங்காளத்துப் பவானிபூரில் நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்துக்கு வெளிநாட்டு நிதியில் ஒரு பயிற்சி வந்தது. போட்ட திட்டத்தையே கட்டிக்கொண்டு அழாமல், களத்தில் தெரியவருவதற்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்வது எப்படி என்று மூன்று நாள் பாடம். முடிவில் ஒருவரை மற்ற மாவட்டங்களுக்குப் பயிற்சியாளராக அனுப்புவார்கள். ஒன்பது வருஷம் அங்கே குப்பை கொட்டிய எனக்குத்தான் அது என்று இருந்தேன்.

போட்டிக்கு இருந்தவள் டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். சேர்ந்து இரண்டே வருஷம். பேசுகிற தமிழில் பாதி வங்காளம். சாந்த்ராகாச்சிப் பக்கத்துக் கிராமங்களில் அவளைப் பாய் விரித்துப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். எனக்கு நாற்காலி போடுவார்கள். அதுவே எனக்கு ஆகாது.

கடைசி நாள், சரிப்பட்டு வராத ஒரு வேலையை எப்படி மாற்றினோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அவள் எழுந்தாள். கிராமத்து மத்தியானக் கூட்டத்துக்குப் பெண்கள் வரவில்லை, தைத்ததை வாங்கிப்போகும் தரகர் வருவதற்குள் ஜரிகை வேலையை முடித்தாக வேண்டும், அதனால் அவர்கள் தைக்கிற முற்றத்திலேயே கூட்டம் போட்டோம் என்றாள். பயிற்சி தந்த வெள்ளைக்கார அம்மாள் கைதட்டினாள்.

அது என் யோசனை. அந்த முற்றத்துக்கு அவளை முதலில் அழைத்துப்போனதே நான்தான். ஆனால் அறிக்கையில் மட்டும், திட்டத்தில் ஒப்புக்கொண்ட பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்ததாகவே மாதாமாதம் எழுதினேன். மாற்றினோம் என்றால் நிதி தருபவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம்.

அவள் உட்காரவில்லை. "இது எனக்கு இந்த தீதி கற்றுக்கொடுத்தது" என்று, அக்கா என்பதற்கு வங்காளச் சொல்லைப் போட்டு வங்காளத்திலேயே சொல்லி என்னைக் காட்டினாள்.

எங்கள் நிறுவன இயக்குநர் என் கோப்பைப் புரட்டினார். "உங்கள் அறிக்கையில் பள்ளிக்கூடம் என்றல்லவா இருக்கிறது?"

"பள்ளிக்கூடத்தில்தான் நடத்தினேன். அவள் மரியாதைக்குச் சொல்கிறாள்" என்றேன்.

தேநீருக்கு வெளியே வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"போய் டீயைக் குடி" என்றேன்.

அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அந்த முற்றத்துக் கதையை அங்கேயும் சொல்லட்டுமாக்கா? உங்க பேரைப் போட்டு?"

"உன் கதைதானே, சொல்லிக்கோ. என் பேர் எதுக்கு?"